இன்னும் வலை விழாத மீன்

ஒளிரும் மீன் என்றால் அட்டைப்படத்துக்கு ஆகும் என்பது ஆசிரியர் குழுவின் கணக்கு. ஆனால் ஆழ்கடல் மீனான பிரிஸ்டில்மவுத்தின் வெளிச்சம் கண்ணைப் பறிக்கிற வகை அல்ல. எதிரி கண்ணில் படாமலிருக்க ஏற்றிக்கொள்ளும் விளக்கு.

பிரிஸ்டில்மவுத் குடும்பத்தில் சைக்ளோதோன் பேரினத்து மீன் சுண்டுவிரல் நீளம்தான். வாயைத் திறந்தால் தலையே இரண்டாகப் பிளந்ததுபோல் இருக்கும். தாடை நெடுக ஊசிமுனைப் பற்கள். அடிவயிற்றில் வரிசையாக ஒளிப்புள்ளிகள். மேலிருந்து கசிகிற மங்கல் நீலத்துக்கு ஈடாக வயிறு ஒளிர, கீழே காத்திருக்கும் வேட்டை மீனுக்கு நிழலே தெரியாது. 500 மீட்டர் வாக்கில் வாழும் சிக்னாட்டா இனத்துக்கு உடம்பு ஊடுருவித் தெரியும். 1000 மீட்டருக்கும் கீழே, வெயிலே எட்டாத இடத்து ஆப்ஸ்கியூரா கன்னங்கரேல், ஒளிப்புள்ளிகள் பேருக்குத்தான். அந்த இருட்டில் யாருக்கு நிழல் விழப்போகிறது? மைக்ரோடான் இனம் ஆணாக முதிர்ந்து, வளர்ந்தபின் பெண்ணாகிறது. பிக்மேயா இனத்துக்கு மத்தியதரைக் கடலே உலகம்.

முதுகெலும்புள்ள உயிர்களில் எண்ணிக்கையில் இவைதான் முதலிடம். லட்சம் கோடிகளில் கணக்குச் சொல்கிறார்கள். அந்தக் கணக்குதான் எனக்கு உறுத்துகிறது.

நடுக்கடல் ஆழத்து மீன்கள் மொத்தம் 100 கோடி டன் என்றிருந்த மதிப்பீட்டை, 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வு 1000 கோடி டன் அளவுக்குத் தூக்கிவிட்டது. ஆதாரம், கப்பலிலிருந்து ஒலி அனுப்பி வாங்கிய எதிரொலி. எதிரொலியைப் பலமாகத் தருவது மீனின் காற்றுப்பையில் உள்ள வாயு. வளர்ந்த சைக்ளோதோன் இனங்கள் பலவற்றில் அந்தப் பையில் இருப்பதோ கொழுப்பு. கருவிக்குச் சரியாகச் சிக்காது. வாயுக்குமிழ் சுமந்து மிதக்கும், ஜெல்லிமீனுக்கு உறவான சைபனோபோர்கள் மீன் கணக்கில் சேர்ந்துவிடுவதும் உண்டு. இப்படிப் பத்து மடங்கு ஆடுகிற கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, மீன்தூளுக்கும் பண்ணைத் தீவனத்துக்கும் அள்ளலாம் என்ற பேச்சு கிளம்பிவிட்டது. அளவோடு பிடித்தால் பாதகமில்லை என்பவர்களும் இருக்கிறார்கள். அந்த அளவை எதை வைத்துப் போடுவார்கள்?

அமெரிக்கா தன் மேற்குக் கரையில் 2016-லேயே முந்திக்கொண்டது. பிரிஸ்டில்மவுத் குடும்பமும் அடங்கிய இரைமீன் பட்டியல் ஒன்றைப் போட்டு, போதிய ஆய்வு வரும்வரை அவற்றைக் குறிவைத்துப் புதிதாக வணிக மீன்பிடி தொடங்கக் கூடாது என்றது. பிடிப்பதற்கு முன்பே போட்ட தடை என்பதால் எதிர்க்க ஆளில்லை போலும். ஆனால் அந்த விதி கரையிலிருந்து 200 கடல் மைலோடு நின்றுவிடுகிறது. சைக்ளோதோன் கூட்டத்தில் பெரும்பங்கு அதற்கு அப்பால், எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடலில் இருக்கிறது.