காரணிகள் மிகுந்த பேரெண்

இரண்டு எண்களுள் பெரியது எது என்று கேட்டால் உடனே விடை கூறிவிடுவீர்கள். பங்கிடுவதற்கு ஏற்றது எது என்று கேட்டால் சற்றுச் சிந்திக்க வேண்டும் அன்றோ?

நம் பண்டார் பாருவில் விளையும் ரம்புத்தான் பழங்களையே எடுத்துக்கொள்வோம். 13 பழங்களை மீதமின்றிப் பங்கிட இரண்டே வழிகள்: ஒருவரே அனைத்தையும் பெறலாம்; அல்லது 13 பேர் ஆளுக்கொன்று பெறலாம். இத்தகைய எண் பகா எண் எனப்படும். 12 பழங்களையோ 1, 2, 3, 4, 6, 12 பேருக்குச் சமமாகப் பங்கிடலாம். மீதமின்றி வகுக்கும் இவ்வெண்களே 12-இன் காரணிகள். 12-ஐ விடச் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் இல்லை.

இவ்வாறு, தம்மினும் சிறிய எண்கள் அனைத்தையும் காரணிகளின் எண்ணிக்கையில் விஞ்சி நிற்கும் எண்களை ஆராய்ந்தவர், 1887-ஆம் ஆண்டு ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை சீனிவாச இராமானுஜன் ஆவார். சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராகப் பணியாற்றிய அவர், 1914-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். 1915-இல் இவ்வாராய்ச்சியை இலண்டன் கணிதக் கழகம் வெளியிட்டது. 1916-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் வழங்கியது.

கணினி இல்லாத அக்காலத்தில், 6,746,328,388,800 வரையிலான இத்தகைய எண்களை அவர் அட்டவணையிட்டார். ஆயினும் அதில் ஓர் எண் விடுபட்டுவிட்டது. அது 293,318,625,600 ஆகும்.

அவ்வெண்ணின் காரணிகளை எண்ணுவது எவ்வாறு? முதலில் 12-ஐப் பார்ப்போம். அது 2×2×3. ஒரு காரணியை அமைக்கும்போது 2-ஐ எடுக்காமல் விடலாம். ஒரு முறையோ இரு முறையோ எடுக்கலாம். ஆக மூன்று வழிகள். 3-ஐ விடலாம், அல்லது எடுக்கலாம். ஆக இரண்டு வழிகள். 3×2=6 காரணிகள்.

விடுபட்ட எண்ணில் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5, 7 ஆகியவை இரு முறையும், 11, 13, 17, 19 ஆகியவை ஒரு முறையும் பெருக்கப்பட்டுள்ளன. எனவே 7×5×3×3×2×2×2×2=5,040 காரணிகள்! அவ்வெண்ணை 23-ஆல் பெருக்கிப் பாருங்கள். அட்டவணையின் இறுதியில் நின்ற எண்ணே விடையாக வரும்.

மேதையின் அட்டவணையையும் தாளும் எழுதுகோலும் கொண்டு ஆரம்பப் பள்ளி மாணவர் சரிபார்க்க இயலுகிறது. அதனால் மேதையின் பெருமை குன்றுவதில்லை. கணக்கில் ஆள் பெரியவரா, சிறியவரா என்பது பொருட்டன்று.

பெற்றோர்களே! கடைச் சீட்டையோ, சம்பளச் சீட்டையோ, செம்பனைக் குலைகளின் எடைக் கணக்கையோ உங்கள் பிள்ளை மறுமுறை கூட்டிப் பார்க்க விரும்பினால், "உனக்கென்ன தெரியும்?" எனத் தடுக்காதீர்கள். அருகில் அமர்ந்து கூட்டச் சொல்லிக் கேளுங்கள். நம் உழைப்பின் பயன் குறைவின்றி நம்மை வந்தடைய அப்பழக்கம் துணைநிற்கும்.