ஆறு மணி நேர மலாக்கா: சுற்றுலா வேனா, எக்ஸ்பிரஸ் பஸ்ஸா?

"மலாக்காவுக்குக் காலையில் போய் இரவுக்குள் திரும்ப வேண்டும். சுற்றுலா வேனில் போகலாமா, பஸ்ஸிலேயே போய்விடலாமா?" உலு திராமில் எங்கள் தாமானில் யாராவது இப்படிக் கேட்டால், அக்கம்பக்கத்தார் இப்போது என்னிடம்தான் அனுப்புகிறார்கள். ஒரே ஆண்டில் இரண்டு வழியிலும் போய் வந்தவள் நான். முதல் பயணத்தில் ஒரு குறை, இரண்டாவதில் வேறொரு குறை. இரண்டையும் சொல்லிவிடுகிறேன். முடிவு உங்களுடையது.

போக ஆசைப்பட்டது அம்மாதான். அவருக்கு 71 வயது. பாதி ஆயுளைத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியே கழித்தவர். இப்போது முட்டி வலி. என் மகனுக்கு 14, மகளுக்கு 9. பாட்டி தமிழில் கேட்டால் பேத்தி பாதி மலாயிலும் பாதி ஆங்கிலத்திலும் பதில் சொல்வாள். அம்மா அதை வெளியே குறையாகச் சொன்னதில்லை. ஆனால் ஒரு நாள் வானொலியில் மலாக்கா செட்டிகளைப் பற்றிக் கேட்டதும் என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, அவங்களுக்குத் தமிழே பேச வராதாமே. ஆனா மாரியம்மனுக்குத் திருவிழா எடுக்கிறாங்களாம். ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வரணும்."

அதுதான் ஆரம்பம்.

வேனில் போன நாள்

முட்டி வலிக்கார அம்மாவோடு பஸ் மாறி மாறிப் போவதா என்று நினைத்து, முதலில் சுற்றுலாவையே தேர்ந்தெடுத்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். சொன்னதை எல்லாம் சொன்னபடியே செய்தார்கள். காலை ஏழு மணிக்கு வேன் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தது. செனாய்-டெசாரு நெடுஞ்சாலையில் ஏறி, செனாயில் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையைப் பிடித்து, மாச்சாப் ஓய்விடத்தில் பசியாறிவிட்டு, பத்தரை மணிக்கெல்லாம் மலாக்கா நகருக்குள் இருந்தோம். டோல், வாகன நிறுத்தம், வழி என்று எதையும் நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அம்மா வழி நெடுகத் தூங்கினார்.

வழிகாட்டி நல்ல மனிதர், விஷயம் தெரிந்தவர். ஃபமோசா கோட்டை வாசல் முன்னால் பிள்ளைகளை நிறுத்தி, "மேலே என்ன ஆண்டு எழுதியிருக்கிறது, படியுங்கள்" என்றார். 1670 என்று படித்தான் என் மகன். "போர்த்துகீசியர்கள் மலாக்காவைப் பிடித்தது 1511-இல். அப்படியானால் அவர்கள் கட்டிய கோட்டையில் ஏன் 1670?" என்று கேட்டார். 1641-இல் டச்சுக்காரர்கள் ஊரைக் கைப்பற்றியதையும், வாசலைப் புதுப்பித்துத் தங்கள் முத்திரையைப் பொறித்ததையும், பிறகு வந்த ஆங்கிலேயர்கள் 1807-இல் கோட்டையை இடிக்கத் தொடங்கியதையும், இந்த ஒரு வாசல் மட்டும் தப்பியதையும் கதைபோலச் சொன்னார். அந்தக் கதையை என் மகன் இன்னும் மறக்கவில்லை. நான் கூட்டிப்போயிருந்தால் வாசலுக்கு முன்னால் ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்திருப்போம்.

ஆனால் அடுத்து செயின்ட் பால் குன்றின் படிகள். அம்மா ஏறவில்லை. அவரைத் தனியே விட மனமில்லாமல் நானும் கீழேயே நின்றேன். பிறகு மதியச் சாப்பாடு. பிறகு பலகாரக் கடை. அங்கிருந்து இன்னொரு கடை. பிறகு ஜோங்கர் சாலை. தங்க ஆசாரிகள் தெருவில் 1781-இல் கட்டப்பட்ட பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயத்துக்கு இருபது நிமிடம் கொடுத்தார்கள். டச்சுக்காரர்கள் கொடுத்த நிலத்தில் மலாக்கா செட்டிகள் எழுப்பிய கோயில் அது. சற்று எட்டி நடந்தால் 1748-இல் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசல், அதைத் தாண்டினால் செங் ஹூன் தெங் சீனக் கோயில். அம்மா கும்பிட்டு முடித்து, "அவங்க இருக்கிற இடம் எங்க?" என்று கேட்டார்.

வழிகாட்டியிடம் கேட்டேன். காஜா பேராங்கில் இருக்கிறது கம்போங் செட்டி, இங்கிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள்தான் என்றார். "ஆனால் நம் நிரலில் இல்லைக்கா. மற்ற பத்துப் பேரும் காத்திருப்பார்கள்."

அவர்மேல் தவறில்லை. பணம் கட்டும்முன் நிரலைப் படிக்காதது என் தவறு. ஐந்து மணிக்கு வேன் கிளம்பியது. எட்டே கால் மணிக்கு வீட்டு வாசலில் இறங்கினோம். அம்மா செருப்பைக் கழற்றிக்கொண்டே, "ஊரு அழகா இருக்கு" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

பஸ்ஸில் போன நாள்

நான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, இந்த முறை நானே கூட்டிப்போகிறேன் என்று கிளம்பினேன். ஜொகூரிலிருந்து மலாக்காவுக்கு ரயிலில் போவது ஒரு நாள் பயணத்துக்குச் சரிவராது. அருகிலுள்ள நிலையம் தம்பின் பக்கம் இருக்கிறது. அங்கிருந்து மலாக்கா நகருக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல். ஆகவே எக்ஸ்பிரஸ் பஸ்தான்.

விடிகாலை ஐந்தே முக்காலுக்கு வாடகைக் கார் பிடித்து லார்க்கின் செண்ட்ரலுக்குப் போனோம். ஏழு மணி பஸ். பத்து மணிக்கு மலாக்கா செண்ட்ரல். அங்கிருந்து ஊருக்குள் போக நகரப் பேருந்து உண்டு. ஆனால் அம்மாவை நிற்க வைக்க விரும்பாமல் மறுபடியும் வாடகைக் காரே. ஓட்டுநரிடம் சிவப்புக் கட்டடம் என்று சொல்லவில்லை. நேராக காஜா பேராங் என்றேன்.

வாசலில் மாவிலைத் தோரணம் கட்டிய வீடுகள். சின்னச் சின்னக் கோயில்கள். ஒரு வீட்டுத் திண்ணையில் நெற்றியில் திருநீறும் உடலில் சாரோங் கெபாயாவுமாக ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். அம்மாவைப் பார்த்ததும் மலாயில், "உட்காருங்கள், கால் வலிக்கிறதா?" என்றார். அம்மாவுக்குத் தோட்டத்து மலாய் மட்டும்தான் வரும். அது போதுமானதாக இருந்தது.

மலாக்கா சுல்தான்கள் காலத்திலேயே வணிகத்துக்கு வந்து, இங்கேயே பெண்ணெடுத்துத் தங்கிவிட்ட தமிழர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். வீட்டில் பேசுவது மலாய். பெயருக்குப் பின்னால் பிள்ளை, செட்டி, நாயக்கர் என்று இன்னும் இருக்கிறது. போகியன்று முன்னோர்களுக்கு வாழையிலை போட்டுப் படைப்பதை அந்தப் பாட்டி விவரித்தார். அதை அவர்கள் 'பார்ச்சு' என்கிறார்கள். இலையில் எதை முதலில் வைப்பது என்று அம்மா கேட்டார். பாட்டி விரல் விட்டுச் சொன்னார். அம்மாவுக்குப் புரியாத மலாய்ச் சொற்களை மொழிபெயர்த்தது யார் தெரியுமா? என் மகள். தமிழில்தான். இடையில் சொல் கிடைக்காமல் திணறினாள். ஆனாலும் விடவில்லை. ஒன்றரை மணி நேரம் போனதே தெரியவில்லை. எங்களைக் கிளப்ப யாரும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை.

திரும்பும்போது அம்மா காரில் சொன்னார்: "பேச்சு போயிருச்சு. படையல் போகல."

திரும்பி வந்த கதை

இத்தோடு முடிந்திருந்தால் 'பஸ்ஸில் போங்கள்' என்று ஒரே வரியில் எழுதியிருப்பேன்.

போகும் டிக்கெட்டை மட்டும் முன்பதிவு செய்திருந்தேன். திரும்பும்போது அங்கேயே வாங்கிக்கொள்ளலாம், நேரம் நம் கையில் இருக்கட்டும் என்று ஒரு நினைப்பு. நாலே முக்காலுக்கு மலாக்கா செண்ட்ரலில் முகப்பு முகப்பாக அலைந்தேன். ஜொகூர் பாருவுக்கு இடமே இல்லை. 2025 ஜனவரி முதல் ஜொகூரிலும் வார விடுமுறை சனி, ஞாயிறுக்குத் திரும்பிவிட்டது. மறுநாள் வேலைக்கும் பள்ளிக்கும் போக வேண்டிய எல்லாரும் அதே ஞாயிறு மாலையில்தான் திரும்புகிறார்கள். நான்கு இடம் சேர்ந்து கிடைத்தது இரவு ஒன்பது மணி பஸ்ஸில்தான்.

நாலு மணி நேரம் அம்மா இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கால் வீங்கிவிட்டது. மகள் என் மடியில் தூங்கினாள். லார்க்கின் வந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. வீடு சேர்ந்தது ஒரு மணிக்கு. மறுநாள் மகள் பள்ளிக்குப் போகவில்லை. வேனில் போயிருந்தால் எட்டே காலுக்குத் தூங்கியிருப்போமே என்று அன்றிரவு என்னையே திட்டிக்கொண்டேன்.

கணக்குப் பார்த்தால்

பிறகு ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். நான்கு பேருக்குப் பஸ், கார் செலவெல்லாம் சேர்த்தும் சுற்றுலாக் கட்டணத்தில் பாதியைத் தாண்டவில்லை. ஆனால் நேரக் கணக்கு வேறு மாதிரி இருந்தது. திட்டப்படி நடந்திருந்தால் இரண்டிலுமே மலாக்காவுக்குள் கிடைப்பது சுமார் ஆறு மணி நேரம்தான். அந்த ஆறு மணி நேரத்தை யார் பங்குபோடுகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். வேனில் அவர்கள் பங்குபோடுகிறார்கள், கவலையும் அவர்களுடையது. பஸ்ஸில் நாம் பங்குபோடுகிறோம், கவலையும் நம்முடையது.

ஆகவே விலையைக் கேட்கும்முன் இதை முதலில் கேளுங்கள்: எந்த ஓர் இடத்தைப் பார்க்காமல் திரும்பினால் மனசு ஆறாது? அந்த இடம் சுற்றுலா நிரலில் இருக்கிறதா, அதற்கு எத்தனை நிமிடம், கடைகளுக்கு எத்தனை நிமிடம் என்று எழுத்தில் வாங்கிப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால், அதுவும் பெரியவர்கள் உடன் வருகிறார்கள் என்றால், சுற்றுலாவே நல்லது. சுற்றுலா நிறுவனமும் வழிகாட்டியும் 1992-ஆம் ஆண்டின் சுற்றுலாத் தொழில் சட்டப்படி உரிமம் வைத்திருக்க வேண்டும். கேட்கத் தயங்காதீர்கள்.

அந்த இடம் நிரலில் இல்லையென்றால் பஸ். ஆனால் திட்டத்தைத் திரும்பும் டிக்கெட்டிலிருந்து தொடங்குங்கள். இருவழி டிக்கெட்டையும் ஒன்றாக எடுங்கள். உங்கள் கூட்டத்தில் மெதுவாக நடப்பவர் யாரோ, அவர் காலை வைத்து நாளை அளங்கள். ஞாயிறு மாலையைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். சனிக்கிழமை போய் வந்தால் மறுநாள் ஓய்வும் கிடைக்கும்.

மூன்றாவது வழியும் இருக்கிறது. பஸ்ஸில் போய் இறங்கி, உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டி ஒருவரை முன்கூட்டியே பேசி, சில மணி நேரத்துக்கு மட்டும் அமர்த்திக்கொள்வது. கோட்டை வாசல் கதையும் கிடைக்கும், காஜா பேராங் திண்ணையும் கிடைக்கும். அடுத்த பயணத்துக்கு நான் நினைத்திருப்பது அதுதான்.

அடுத்த பயணமா என்று கேட்காதீர்கள். நள்ளிரவில் வந்து சேர்ந்த மறுநாள் காலை, வீங்கிய காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே அம்மாதான் சொன்னார்.

"போகிக்கு அந்தம்மா வரச் சொல்லியிருக்காங்க. திரும்பி வர்ற டிக்கெட்ட முதல்லயே எடுத்துடு, பாப்பா."