‘முன்–பின்’ படங்களை எவ்வளவு நம்பலாம்?

மார்பக அழகு அறுவை சிகிச்சைக்கான விளம்பரங்களில் இரண்டு படங்கள் தவறாமல் இருக்கும்: முன்பு, பின்பு. கையைச் சற்று உயர்த்தினாலே மார்பகம் மேலேறித் தெரியும். மேலிருந்து விழும் வெளிச்சம் தொய்வைக் கூட்டிக் காட்டும். முகத்துக்கு நேரே வரும் வெளிச்சம் அதை மழுக்கிவிடும். அப்படியானால், கத்தி செய்தது எவ்வளவு, கேமரா செய்தது எவ்வளவு?

அமெரிக்காவின் கான்சஸ் மாநில பிளாஸ்டிக் சர்ஜன் எரிக் ஸ்வான்சன் இதை அளந்தே பார்த்துவிட இறங்கினார். தொய்ந்த மார்பகத்தைத் தூக்கி நிறுத்தும் சிகிச்சை, பெரிய மார்பகத்தைச் சிறிதாக்கும் சிகிச்சை ஆகியவை பற்றி மருத்துவ இதழ்களில் வெளியான 82 கட்டுரைகளின் படங்களை எடுத்துக்கொண்டு, மார்பகத்தின் வடிவம் உண்மையில் எவ்வளவு மாறியிருக்கிறது என்று கணக்கிட்டார். 2011இல் வந்த முடிவு சர்ஜன்களுக்குச் சங்கடமானது. உள்ளே தையல் போட்டு மேற்பகுதியை நிறைவாக்கலாம், அவரவர் திசுவையே மடித்து வைத்து எடுப்பாக்கலாம் என்றெல்லாம் பல உத்திகள் புழக்கத்தில் இருந்தன. அவற்றில் எதுவும் மேற்பகுதியைக் குறிப்பிடத்தக்க அளவு எடுப்பாக்கவில்லை. காம்பை அளவுக்கு மீறி உயர்த்தியிருந்ததோ 40 சதவீதத்துக்கும் மேல். இத்தனைக்கும் இவை சர்ஜன்கள் தாங்களே தேர்ந்தெடுத்து அச்சுக்குக் கொடுத்த படங்கள். கொடுக்காமல் வைத்துக்கொண்டவை எப்படி இருந்திருக்கும்?

சரி, அளவு கிடைத்துவிட்டது. எதோடு ஒப்பிடுவது? தென்னாப்பிரிக்க சர்ஜன் ஜாக் பென் 1955இல், அழகானவை என்று தாம் கருதிய 20 பெண்களின் மார்பகங்களை அளந்து, கழுத்துக்குழியிலிருந்து காம்புக்கு 21 செ.மீ. என்றார். 2012இல் லண்டனின் பேட்ரிக் மலூச்சி 100 மாடல்களின் படங்களை ஆராய்ந்து, காம்புக்கு மேலே 45 பங்கு, கீழே 55 பங்கு என்ற விகிதத்தை முன்வைத்தார். எண்கள் துல்லியம்தான். ஆனால் யாரை அளப்பது என்று முடிவு செய்த கண் ஒரு சர்ஜனுடையது. இரண்டு குழந்தைகளுக்குப் பாலூட்டிய பெண்ணுக்கு மாடலின் விகிதம் ஏன் இலக்காக வேண்டும் என்பதற்கு அதில் பதில் இல்லை.

அந்தப் பெண்ணையே கேட்பதற்கு வந்ததுதான் 2009இல் வெளியான ‘பிரெஸ்ட்-க்யூ’ வினாத்தாள். ஆண்ட்ரியா பூசிக் குழுவினர் உருவாக்கியது. உடையோடும் உடையின்றியும் தன் மார்பகம் எப்படித் தோன்றுகிறது, வலி உண்டா, தாம்பத்தியத்தில் கூச்சம் உண்டா என்றெல்லாம் கேட்டு, ஒவ்வொரு பிரிவுக்கும் 0 முதல் 100 வரை மதிப்பெண் தருகிறது. சிகிச்சைக்கு முன்பும் நிரப்பினால்தான் இது பயன்படும். பின்பு வாங்கிய 80 மட்டும் எதையும் சொல்லாது. மனம் நொந்து வேறு மருத்துவரிடம் போய்விட்டவர் தாளை நிரப்ப வருவதில்லை என்ற ஓட்டையும் உண்டு.

இம்ப்ளாண்ட் வைத்துக்கொண்டவர்கள் விஷயத்திலாவது அந்த ஓட்டையை ஓரளவு அடைப்பவை தேசியப் பதிவேடுகள். பிரான்சின் ‘பிஐபி’ நிறுவனம் தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான சிலிகானை, மார்பகத்துக்குள் வைக்கும் பைகளான இம்ப்ளாண்டுகளில் அடைத்தது 2010இல் அம்பலமானபோது, அவை யார் யார் உடலில் இருக்கின்றன என்று தேடுவதே பெரும்பாடாகிவிட்டது. 2015இல் நெதர்லாந்தும் ஆஸ்திரேலியாவும் தேசிய அளவில் பதிவைத் தொடங்கின. வைத்த இம்ப்ளாண்டை எப்போது, எதற்காக எடுத்தார்கள் என்பது அங்கே பதிவாகிறது. இரண்டாவது அறுவை சிகிச்சை வேறு மருத்துவமனையில் நடந்தாலும்கூட.