ரத்து பொத்தானுக்கு எதற்கு ஆதார் எண்?

செம்பட்டிக்காரர் ஒருவர் ஓர் இணையப் படிவத்தை நிரப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாவட்டம் திண்டுக்கல், தாலுகா ஆத்தூர் என்று தேர்ந்தெடுக்கிறார். கிராமப் பட்டியலைக் கொண்டுவரப் பக்கம் சர்வருக்குப் போய்த் திரும்புகிறது. உடனே சிவப்பில் ஒரு வரி: 'ஆதார் எண் 12 இலக்கம் இருக்க வேண்டும்.' அவர் அந்தக் கட்டத்துக்கே இன்னும் வரவில்லை.

ஏன் இப்படி? எந்தப் பொத்தானை அழுத்தினாலும் ஒரே வேலிடேஷன் (நிரப்பியது சரியா என்று பார்க்கும் சோதனை) ஓடுகிறது. கிராமம் காட்டு, வரைவாகச் சேமி, ரத்து, சமர்ப்பி ஆகிய நான்கில் முழுச் சோதனை தேவைப்படுவது கடைசிக்கு மட்டும்தான். என்னைக் கேட்டால், ரத்தை வெறும் லிங்க்காக வைத்துவிடுவேன். படிவமே சர்வருக்குப் போகாது.

ஸ்ட்ரட்ஸ் 2 என்ற ஜாவா வலைச் சட்டகத்தில் எழுதுகிறீர்களா? சோதனை வேண்டாத மெத்தடுக்கு மேலே @ஸ்கிப்வேலிடேஷன் என்று போடுங்கள். இன்புட், பேக், கேன்சல், பிரவுஸ் என்ற நான்கு பெயர்களுக்கு வழக்கமான அமைப்பிலேயே விலக்கு உண்டு. 'சேவ்' மெத்தடுக்கென்று தனி விதிகள் வேண்டுமானால் வேலிடேட்சேவ்() எழுதலாம். ஆனால் பொதுவான வேலிடேட்()டும் கூடவே ஓடும். சமர்ப்பிக்கும்போது மட்டும் வேண்டிய விதியை அதில் வைத்தால் பழைய தொல்லை திரும்பி வரும்.

இன்னொரு ஜாவா சட்டகமான ஸ்பிரிங்கில்? 2009-இல் வந்த பீன் வேலிடேஷன் தரத்தில் குரூப் (விதிகளைப் பெயரிட்டுப் பிரிக்கும் வசதி) உண்டு. 'வரைவு', 'சமர்ப்பு' என்று இரண்டு வைத்துக்கொண்டு, எந்த மெத்தடுக்கு எது என்று @வேலிடேட்டட்டில் சொல்லுங்கள். @வேலிட்டில் குரூப்பைக் குறிப்பிட முடியாது. இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது: 'சமர்ப்பு' குரூப்பை மட்டும் கேட்டால், குரூப் எதுவும் குறிக்காத விதிகள் ஓடவே ஓடாது. எச்சரிக்கையும் வராது. ஆதார் விதி அப்படி விடுபட்டிருந்தால், 11 இலக்க எண்ணும் சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். அதனால் குரூப் குறிக்காத விதிகள் தாமாகவே சேரும் டிஃபால்ட் குரூப்பையும் சேர்த்தே எழுதுங்கள்.

சர்வரில் எல்லாம் சரி, ஆனாலும் 'வரைவாகச் சேமி' நகர மறுக்கிறதா? தடுப்பது பிரவுசராக இருக்கலாம். 'ரெக்கொயர்ட்' என்று குறித்த கட்டம் காலியாக இருந்தால் அது படிவத்தை அனுப்பாது. அந்தப் பொத்தானில் மட்டும் 'ஃபார்ம்நோவேலிடேட்' சேருங்கள்.

சோதனையைத் தவிர்த்தால் குப்பை உள்ளே வராதா? வரைவில் வரும், வரட்டும். ஆனால் தேதிக் கட்டத்தில் எழுத்தைத் தட்டினால் அதைத் தேதியாக மாற்றும்போதே பிழை வரும். அதற்குத் தனியாக வழி செய்யுங்கள். சமர்ப்பிக்கும் நாளில், அன்று வந்த பக்கத்தோடு நிற்காமல், முன்பு சேமித்த வரைவு முழுவதையும் சர்வரிலேயே சோதித்துவிட்டு ஒப்புகை எண் கொடுங்கள்.