குடித்த வயிற்றை மணத்தக்காளி காப்பாற்றுமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகளில், நைட் ஷிஃப்ட் முடிந்து வெறும் வயிற்றில் குடித்துவிட்டுப் படுப்பவர்கள் உண்டு. எழுந்ததும் வயிறு எரியும். ‘மணத்தக்காளி சாப்பிடு, சரியாகிவிடும்’ என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். அது உண்மையா?

இரைப்பையின் உட்சுவரை அமிலம் அரிக்காமல் காப்பது வழவழப்பான ஒரு சளிப்படலம். ஆல்கஹால் அதைச் சிதைக்கிறது. உடம்பு வலிக்குப் போடும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் மாத்திரைகளும் அதைப் பலவீனமாக்கும். இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் மல்லிகா ஜைனு, ஷியாமளா தேவி இருவரும் மணத்தக்காளிப் பழத்திலிருந்து பிரித்த சாரத்தை எலிகளிடம் சோதித்து, 2006-ல் முடிவை வெளியிட்டனர். ஆல்கஹாலால் வரும் புண் சுமார் 70 சதவிகிதம் குறைந்தது. அமிலம் சுரக்கவைக்கும் என்சைமை அந்தச் சாரம் மட்டுப்படுத்தியது. ஒமிப்ரசோல் மாத்திரை செய்வதும் இதைத்தான்.

ஆனால், சோதனையில் கொடுத்தது செறிவான சாரம். நம் வீட்டுக் கீரைக்கூட்டும் வத்தக்குழம்பும் அதற்கு ஈடாகாது. எலிக்குக் கிடைத்த பலன் மனிதருக்கும் கிடைக்கும் என்று சொல்லிவிடவும் முடியாது. வயிறு தப்பினாலும் கல்லீரல் தப்பாது. மணத்தக்காளி நல்ல உணவு. குடிப்பதற்கான லைசென்ஸ் அல்ல.

தார் போலக் கறுத்த மலம், ரத்த வாந்தி இருந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். குடியை விட நினைப்பவர்கள் டெலி மானஸ் 14416 எண்ணில் இலவசமாகப் பேசலாம். தினமும் குடிப்பவர்கள் சட்டென நிறுத்தாமல், மருத்துவர் துணையோடு நிறுத்துவதே பாதுகாப்பு.