தாய்க்கு ஒரு பிடி மண் போட விடவில்லை!

2013-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 5-ஆம் தேதி. தென் ஆப்பிரிக்காவில் நள்ளிரவு நெருங்கிக்கொண்டிருந்தது. டெலிவிஷனில் தோன்றிய ஜனாதிபதி ஜேக்கப் ஸூமா, முன்னாள் ஜனாதிபதி நெல்ஸன் மண்டேலா ஜோஹன்னஸ்பர்க் நகரில் தமது இல்லத்தில் காலமாகிவிட்டார் என்று அறிவித்தார். மண்டேலாவுக்கு அப்போது வயது 95.

நாடெங்கும் கொடிகள் அரைக் கம்பத்தில் இறங்கின. 10 நாட்கள் தேசிய துக்கம் அனுஷ்டிக்கப்பட்டது. துக்கம் அந்த ஒரு நாட்டோடு நிற்கவில்லை. பாரத நாடு 5 நாள் துக்கம் அனுஷ்டித்தது. வாஷிங்டனிலும் கொடி இறங்கிற்று. அதே அமெரிக்காவின் பயங்கரவாதிகள் கண்காணிப்புப் பட்டியலிலிருந்து மண்டேலாவை விடுவிக்கும் சட்டம் 2008-ஆம் ஆண்டில்தான் வந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

நாட்டின் தலைமைப் பீடத்தில் அமர்ந்திருந்தவர் மறைந்தால் கொடி இறங்குவதும், பீரங்கி முழங்குவதும் எங்கும் உள்ள சம்பிரதாயம். ஆனால் மண்டேலாவுக்கு நடந்தது வெறும் சம்பிரதாயம் அல்ல. பெற்ற தாயை அடக்கம் செய்யவும், தலைமகனை அடக்கம் செய்யவும் போக வேண்டும் என்று கேட்டபோது, இதே நாட்டின் அன்றைய சர்க்கார் 'கூடாது' என்று சொல்லிவிட்ட மனிதர் அவர்.

தீவுக்கு வந்த தந்திகள்

1962-இல் கைதான மண்டேலாவுக்கு 1964 ஜூன் மாதம் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ராபன் தீவுச் சிறையில் அவருடைய எண் 466/64. அதாவது, 1964-ஆம் ஆண்டில் அங்கே வந்து சேர்ந்த 466-ஆவது கைதி. ஆரம்ப காலத்தில் 6 மாதத்துக்கு ஒரு கடிதம், ஒரு சந்திப்பு; அவ்வளவுதான் அவருக்கு அனுமதி.

1968-இல் அவருடைய தாயார் நோஸெகேனி, டிரான்ஸ்கை பிரதேசத்திலிருந்து நெடுந்தூரம் பிரயாணம் செய்து மகனைப் பார்க்க வந்தார். இளைத்துப் போயிருந்த தாயைக் கண்டு மண்டேலாவின் மனம் துணுக்குற்றது. சில வாரங்களில் தந்தி வந்தது, தாய் இறந்துவிட்டார். ஒரே மகன் என்ற முறையில் அடக்கம் செய்யும் கடமை தம்முடையது என்று மண்டேலா விண்ணப்பித்தார். அனுமதி கிடைக்கவில்லை.

மறு ஆண்டு ஜூலையில் இன்னொரு தந்தி. மூத்த மகன் தெம்பி மோட்டார் விபத்தில் மாண்டுபோனான். அவனுக்கு வயது 24. செய்தி கேட்டு அறைக்குள் முடங்கிக் கிடந்த மண்டேலாவிடம் நண்பர் வால்டர் ஸிஸுலு வந்தார்; மண்டியிட்டு உட்கார்ந்து தந்தியை வாங்கிப் படித்தார்; ஒன்றும் பேசாமல் நண்பரின் கையைப் பற்றிக்கொண்டார். மண்டேலா மறுபடியும் விண்ணப்பித்தார். பயனில்லை.

தாய்க்கு மகன் செய்ய வேண்டிய கடன் உண்டு. மகனுக்குத் தந்தை செய்ய நேர்வதோ யாருக்கும் வரக் கூடாத கடன். இரண்டையும் செய்ய விடாமல் ஒரு மனிதனைக் கடல் நடுவே வைத்திருந்தது நிறவெறி ஆட்சி.

அழுவதற்கும் தடை

இந்தக் கொடுமை மண்டேலா ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1985-இல் நெருக்கடி நிலை பிரகடனம் செய்யப்பட்ட வட்டாரங்களில் கறுப்பர்களின் சவ அடக்கங்களுக்கே கட்டுப்பாடு வந்தது. திறந்த வெளியில் சடங்கு நடத்தக் கூடாது. பாதிரியார் தவிர வேறு யாரும் பேசக் கூடாது. கொடி பிடிக்கக் கூடாது. துப்பாக்கிக் குண்டுக்குப் பிள்ளையைப் பறிகொடுத்த தாய், சட்டம் வகுத்த முறைப்படிதான் அழ வேண்டும்!

1994-இல் மண்டேலா ஜனாதிபதியானார். அவர் காலத்தில் அமைந்த 'உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு'வின் முன் 1996 முதல் தாய்மார்களும் விதவைகளும் வந்து நின்றார்கள். காணாமற்போன பிள்ளையின் எலும்பாவது கிடைத்தால் புதைக்கிறோம் என்று கேட்டவர்கள் அவர்களில் உண்டு.

மண்டேலாவுக்காக 2013-இல் தெருவுக்கு வந்த ஜனங்கள் இந்தச் சரித்திரத்தைச் சுமந்து வந்தவர்கள். இதை மறந்துவிட்டால் அந்த 10 நாட்களின் பொருள் விளங்காது.

மழையில் ஒரு மைதானம்

டிசம்பர் 10-ஆம் தேதி, ஸொவெட்டோவை அடுத்த பெரிய கால்பந்து மைதானத்தில் அஞ்சலிக் கூட்டம். சரியாக 20 ஆண்டுகளுக்கு முன் அதே தேதியில்தான் மண்டேலாவும், அவரை விடுதலை செய்த வெள்ளையர் தலைவர் டி கிளார்க்கும் நோபல் சமாதானப் பரிசைப் பெற்றார்கள். அந்த டி கிளார்க்கும் கூட்டத்துக்கு வந்திருந்தார்.

காலையிலிருந்தே மழை. 90-க்கும் மேற்பட்ட நாடுகளின் தலைவர்கள் வந்திருந்தனர். அடக்கத்தின்போது மழை பெய்தால் தெய்வங்கள் வரவேற்கின்றன என்பது ஆப்பிரிக்க மரபு என்று, கூட்டத்தை நடத்திய ஸிரில் ராமபோஸா சொன்னார். பாரதத்தின் சார்பில் ஜனாதிபதி பிரணாப் முகர்ஜி பேசினார். அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா, மேடையில் கியூபாவின் ராவுல் காஸ்ட்ரோவுடன் கைகுலுக்கினார். பல்லாண்டுப் பகை கொண்ட இரு நாடுகள் அவை!

குறைகளும் இல்லாமல் இல்லை. செவிடர்களுக்காகச் சொற்பொழிவுகளைச் சைகையில் பெயர்க்க நின்றவரின் சைகைகளுக்கு அர்த்தமே இல்லை என்று பிறகு தெரிந்து உலகமே திகைத்தது. ஜனாதிபதி ஸூமாவைக் கண்டதும் கூட்டத்தில் ஒரு பகுதியினர் கூச்சலிட்டுத் தங்கள் அதிருப்தியைக் காட்டினர். சொந்த ஜனாதிபதிக்கு எதிராக, உலகத் தலைவர்களின் முன்னால், அச்சமின்றிக் குரல் எழுப்ப முடிந்ததே. அதுவும் மண்டேலா தேடித் தந்த சுதந்திரந்தான்.

மூன்று நாள் தரிசனம்

அடுத்த 3 நாட்கள் பிரிட்டோரியாவில் யூனியன் மாளிகையில் பூதவுடல் வைக்கப்பட்டது. குன்றின்மேல் அமைந்த இந்த அரசாங்கக் கட்டடத்தைக் கட்டிய சிற்பி ஹெர்பர்ட் பேக்கர். புது டில்லியில் செயலகக் கட்டடங்களுக்குத் திட்டம் வகுத்தவரும் அவரே. நிறவெறிச் சட்டங்களை நிறைவேற்றிய அதிகாரத்தின் இருப்பிடம் இதுதான். 1994 மே 10-ஆம் தேதி மண்டேலா ஜனாதிபதியாகப் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டதும் இங்கேதான்.

தினமும் காலையில் ராணுவ ஆஸ்பத்திரியிலிருந்து நகர வீதிகளின் வழியே சவப்பெட்டி மாளிகைக்கு வரும். ஜனங்கள் மணிக்கணக்காக வரிசையில் நின்றார்கள். படம் பிடிக்க அனுமதியில்லை. ஒரு கணம் பார்க்கலாம், நகர வேண்டும். ஏறத்தாழ 1,00,000 பேர் தரிசித்ததாகக் கணக்கு. கடைசி நாளன்று இடமின்றித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பல்லாயிரம்.

காவல் நின்ற படையையும் கவனிக்க வேண்டும். வெள்ளையர் ஆட்சியின் பழைய ராணுவமும், அதை எதிர்த்து 1961-இல் மண்டேலாவைத் தலைவராகக் கொண்டு தோன்றிய ஆயுதப் படையும் 1994-க்குப் பின் ஒன்றாக்கப்பட்டுப் பிறந்த படை அது. ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட இரு தரப்பாரின் வாரிசுகள் ஒரே பெட்டியை ஒன்றாகத் தாங்கினார்கள்.

குனு கிராமத்தில்

டிசம்பர் 14-ஆம் தேதி உடல் விமானத்தில் ம்தாதா நகருக்கும், அங்கிருந்து சாலை வழியே அவர் வளர்ந்த குனு கிராமத்துக்கும் போயிற்று. வழி நெடுகிலும் ஜனங்கள் பாடிக்கொண்டு நின்றார்கள். வீடு வந்ததும், பெட்டியின்மேலிருந்த தேசியக் கொடியை எடுத்துவிட்டுக் குல வழக்கப்படி சிங்கத்தோல் போர்த்தினார்கள். அதுவரை நாட்டுக்குச் சொந்தமாக இருந்தவர், இப்போது வீட்டுக்குச் சொந்தமானார்.

மறுநாள் பெரிய கூடாரத்தில் 4,500 பேர் கூடினர். வயதுக்கு ஒன்றாக 95 மெழுகுவத்திகள் எரிந்தன. மண்டேலாவுடன் சிறையிலிருந்த, இந்திய வமிசத்தைச் சேர்ந்த அகமது கத்ராடா பேசினார். ஸிஸுலு மறைந்தபோது தந்தையை இழந்ததாகவும், இப்போது அண்ணனை இழந்துவிட்டதாகவும் சொன்ன அந்த 84 வயது முதியவரின் குரல் தழுதழுத்தது.

உச்சி வேளையில், நிழல் மிகவும் குறுகியிருக்கும் நேரத்தில் அடக்கம் செய்வது தெம்பு குல மரபு. குன்றின் சரிவில் பெட்டி ஏறியது. 21 பீரங்கிகள் முழங்கின. விமானங்கள் வானில் பறந்து சென்றன. பிறகு, குடும்பத்தாரின் வேண்டுகோளுக்கு இணங்க, உலகமெங்கும் போய்க்கொண்டிருந்த டெலிவிஷன் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. பெட்டி குழிக்குள் இறங்கிய கணம் உற்றார் உறவினருக்கு மட்டுமே உரியதாயிற்று.

விடுதலையான பிறகு மண்டேலா குனுவுக்குத் திரும்பியபோது முதலில் போய் நின்ற இடம், சில கற்களே அடையாளமாக இருந்த தாயின் சமாதி. அதே குனுவின் மண்தான் அவரையும் ஏற்றுக்கொண்டது. அந்தக் குடும்ப மயானத்தில் அவருக்கு முன்பே 3 பிள்ளைகளின் சமாதிகள் இருந்தன. அவற்றுள் ஒன்று தெம்பியுடையது.