அண்டமும் அரைப்பேரும்

அண்டத்தின் பெருமையைக் கற்குந்தோறும் மனிதன் தன் சிறுமையை உணர்கின்றான். ஊவாவின் நமுனுகுல மலை 2,036 மீற்றர் உயரமுடையது. அடிவாரத்தில் நிற்பவனுக்கு அது வானையே தாங்குவது போலத் தோன்றும். ஆனால், 1990ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆம் நாள், வொயேஜர் 1 என்னும் விண்கலம் ஏறத்தாழ 600 கோடிக் கிலோமீற்றர் தொலைவிலிருந்து எடுத்த படத்தில், மலையும் கடலும் தாங்கிய இப்பூமி முழுவதும் ஒரு சிறு புள்ளியாகவே நின்றது. நிலவற்ற இரவில் வெறுங்கண்ணுக்கு மங்கிய புகைபோலத் தெரியும் அந்திரோமீடா மண்டலத்தின் ஒளியோ ஏறத்தாழ 25 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர்ப் புறப்பட்டது. அன்று தமிழும் இல்லை. தமிழ் பேசும் நாவும் இல்லை.

இக்காட்சி தமிழருக்கு முற்றிலும் புதியதன்று. திருவாசகத்தின் திருவண்டப்பகுதியில் மணிவாசகர், நூறு கோடிக்கும் மேற்பட விரிந்த அண்டங்களை, வீட்டினுள் நுழையும் கதிரொளியில் மிதக்கும் நுண்டுகளுக்கு ஒப்பிடுகின்றார். ஆயினும் அவர் அதனால் உள்ளம் தளர்ந்தாரல்லர், உருகிப் பாடினார்.

இன்றைய இளைஞரோ வேறு முடிவுக்கு வருகின்றனர். தோட்டத்து லயங்களிலிருந்து பதுளைக்கு வந்து கற்கும் மாணவருள் சிலர், "இத்துணைப் பெரிய அண்டத்தில் நாம் எம்மாத்திரம்? கற்று ஆவதென்ன?" என வினவுவதுண்டு. இவ்வினாவை எளிதில் ஒதுக்கிவிடலாகாது. ஏனெனில், அதனுள் இரண்டு சிறுமைகள் ஒன்றாய்க் கலந்து கிடக்கின்றன.

தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் உழைப்புக்குப் 'பேர்' என்று பெயர். குறித்த நிறைக் கொழுந்து பறித்தவளுக்குச் செக்றோலில் ஒரு பேர் விழும். நிறை குறைந்தால் அரைப்பேர். மனிதரின் பெயரே கூலிக்கு அளவையாகி, அதுவும் பாதியாகக் குறைக்கப்படும் வழக்கு இது. நாட்டின் ஏட்டிலோ அந்த அரைப்பேரும் நிலைக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமோ 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் நிறைவேறிற்று.

அண்டம் தரும் சிறுமை வேறு. மனிதர் தரும் சிறுமை வேறு. முன்னது எல்லோருக்கும் பொது. 600 கோடிக் கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து நோக்கின், துரையின் பங்களாவும் தொழிலாளியின் லயமும் ஒரே புள்ளியுள் அடங்கும். அஃது ஆணவத்தை அடக்கிச் சமத்துவத்தைக் கற்பிக்கும். பின்னதோ ஒருசாரார் மீது மட்டும் சுமத்தப்படுவது. அதனை விதியென்றோ இயற்கையென்றோ ஏற்பது தகாது.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. மலைக்கு எவர் பேரும் தெரியாது. அதற்குப் பகையும் இல்லை. ஆனால், அத்தகைய சரிவின் கீழே வாழ்வதன்றி வேறு வழியற்ற நிலையில் மக்களை வைத்திருந்தது மலையன்று. முன்னதற்காக அழலாம், பின்னதற்காக எழுதவும் கேட்கவும் வேண்டும்.

அவ்வாறு எழுதியவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1954இல் வெளிவந்த தம் தேயிலைத் தோட்டத்துப் பாவில், தேயிலைச் செடியின் அடியிலே புதையுண்டு, நினைவுக்கல்லும் பெறாது போன முன்னோரை நினைந்து இரங்கினார். அவ்விரக்கத்தால் அண்டத்தில் ஒரு விண்மீனும் இடம் பெயரவில்லை. எனினும், மறக்கப்பட்டோர் நினைக்கப்பட்டனர். நினைப்போர் உள்ளவிடத்து வாழ்வு பொருளற்றதாதல் எங்ஙனம்?

பொருள் என்பது அளவைப் பொறுத்ததன்று என்பதை நம் எழுத்தே காட்டும். மெய்யெழுத்துப் புள்ளி பெற்று நிற்கும் என்பது தொல்காப்பிய விதி. எழுத்துருவில் புள்ளியினும் சிறியது வேறில்லை. அப்புள்ளி நீங்கின் 'பல்' 'பல' ஆகும், 'கல்' 'கல' ஆகும், சொல்லே மாறிப்போகும். தனித்துக் கிடக்கும் புள்ளிக்குப் பொருளில்லை; எழுத்தோடு சார்ந்து, உரிய இடத்தில் நிற்பதாலேயே அது பொருள் பெறுகின்றது. மனிதனும் அத்தகையனே. வானத்தை நோக்கி 'நான் யார்?' என வினவினால் விடை வாராது. பசித்த குழந்தைக்கும், எழுத்தறியாத் தாய்க்கும், நோயுற்ற அயலாருக்கும் தான் யார் என வினவுக. விடை உடனே வரும்.

கணியன் பூங்குன்றனார், மலையிலிருந்து இழியும் பேராற்றில் செல்லும் புணைக்கு உயிரின் போக்கை ஒப்பிட்டார். அவ்வாறு உணர்ந்தமையாற் பெரியோரை வியத்தலும் இலம், சிறியோரை இகழ்தல் அதனினும் இலம் என்னும் முடிவுக்கு வந்தார். பெருவெள்ளத்தின் முன் தன் சிறுமையை அறிந்தவர் கண்ட அறம் இது.

ஆதலின் மாணவரே, விண்ணின் கணக்கைத் தயங்காது கற்பீராக. அதன் முன் தலை தாழ்வது அறிவு. ஆனால் எந்த மனிதனுக்கும் முழுப்பேரே உண்டு, அரைப்பேர் இல்லை. அதனை எந்த ஏடு குறைத்து எழுதினும், திருத்தி எழுதுவதற்கே கல்வி.